கழற்றி மாட்டுகிற குழாய்

ஜெர்மன் சண்டை முடிந்த மறு வருஷம், ஆம்பூர் டேனரி ரோட்டில் கிருஷ்ணாயில் கடை வைத்திருந்த பஞ்சாட்சரம் வேலூர் லாங் பஜாருக்குச் சரக்கு எடுக்கப் போனார். வரும்போது சரக்கோடு ஒரு பித்தளைக் குழாயும் வாங்கி வந்தார். புதுச் சாமான் எதைப் பார்த்தாலும் மனிதருக்குக் கை சும்மா இருக்காது. போன வருஷம் ஸ்பிரிங் வைத்த எலிப்பொறி ஒன்று வாங்கி வந்து, அது எப்படி மூடுகிறது என்று பார்க்கப் போய்த் தன் விரலையே கொடுத்தவர். அதனால் அவர் மடியிலிருந்து குழாயை எடுத்தபோது, அவர் மனைவி சம்பூர்ணம் முதலில் அவர் விரல்களைத்தான் பார்த்தாள்.

"இது இன்னாங்க?"

"குழாய்."

"அது தெரியுது. ரயிலடியில பாத்திருக்கேன். நம்ம வூட்ல இத எதுல மாட்டப் போறீங்க?"

"டின்லடி! எண்ணெ டின்ல!"

அதன் ஒரு முனை ஆணி மாதிரி கூராக இருந்தது. கூருக்குப் பின்னால் திருகுமரை, அதற்குப் பின்னால் ஒரு தோல் வளையம். டின்னின் அடியோரமாகக் குத்தித் திருகினால் குழாய் கெட்டியாக உட்கார்ந்துகொள்ளும். டின் காலியானதும் கழற்றி அடுத்த டின்னில் மாட்டிக்கொள்ளலாம். இனிமேல் டின்னைச் சாய்த்துப் பிடித்து, புனல் வழியாக ஊற்றி, பாதியை வேட்டிக்கும் மீதியைத் தரைக்கும் கொடுக்க வேண்டியதில்லை. இதையெல்லாம் பஞ்சாட்சரம் வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். வாங்காமல் சும்மா ரோட்டில் போனவர்களையும் கூப்பிட்டுச் சொன்னார்.

முதல் நாள் குழாய் அவர் மானத்தை வாங்கிவிட்டது. திருகினார். எண்ணெய் ஜோராகத்தான் வந்தது. பிறகு மெலிந்தது. அப்புறம் உள்ளே யாரோ மிடறு விழுங்குவதுபோல 'குளுக்' என்று ஒரு சத்தம், நின்றுபோனது. தட்டினார், ஆட்டினார், ஊதிப் பார்த்தார். வாயெல்லாம் கிருஷ்ணாயில். சம்பூர்ணம் உள்ளேயிருந்து வந்து பார்த்தாள்.

"தேங்காயில ஒரு கண்ண மட்டும் தொறந்தா எளநி வருமா? இன்னொரு கண்ணயும் தொறக்கணும் இல்ல?"

அவர் டின்னின் தலையில் ஓர் ஆணியை அடித்தார். எண்ணெய் கயிறு மாதிரி இறங்கிற்று. அன்று முழுவதும் அவர் அந்த மேல் ஓட்டையை விரலால் மூடுவதும் திறப்பதுமாகவே இருந்தார். காற்று உள்ளே போனால்தான் எண்ணெய் வெளியே வரும் என்பது அவரைப் பிடித்து ஆட்டிவிட்டது. குழாயின் வாய் வழியாகவே காற்று ஏற முயன்றதால்தான் அந்தக் 'குளுக்' என்று தெரிந்ததும், பக்கத்து அரிசி மண்டி வேதாசலத்தைக் கூப்பிட்டு அதையும் விளக்கினார். இந்த விளக்கம் பின்னால் தன் தலையிலேயே விடியப்போகிறது என்று அவருக்குத் தெரியாது.

சங்கடம் வேறு வழியில் வந்தது. எங்கள் பக்கத்தில் காலி டின்னுக்கு எண்ணெயை விடக் கிராக்கி. மேல் தகட்டை வெட்டி, குறுக்கே ஒரு கட்டை அடித்தால் தண்ணீர் எடுக்கிற டின். ரெண்டு டின்னைக் காவடியில் மாட்டினால் ஒரு குடும்பத்துக்குத் தண்ணீர். அடியில் ஓட்டை போட்ட டின்னை எவன் வாங்குவான்? குழாய் கழன்று அடுத்த டின்னுக்குப் போய்விடும், ஓட்டை இந்த டின்னிலேயே தங்கிவிடும். எல்லா டின்னுக்கும் அவர் தலையில் ஆணி அடிப்பதில்லை, சிலவற்றுக்கு மேல் மூடியைத் தளர்த்துவதோடு சரி. கடைக்குப் பின்னால் ஓட்டை டின்கள் சேர்ந்துகொண்டே போயின. சம்பூர்ணம் அவற்றைத் தினமும் ஒருமுறை பார்ப்பாள், அவரையும் ஒருமுறை பார்ப்பாள். வாய் திறக்க மாட்டாள். அதுதான் அவருக்குப் பேஜார்.

சித்திரை வந்தது. வருஷா வருஷம் பஞ்சாட்சரம் கடை வாசலில் தண்ணீர்ப் பந்தல் போடுவார். புண்ணியத்துக்குத்தான் போட்டார், அதில் பொய்யில்லை. ஆனால் புண்ணியத்திலும் வரிசை உண்டு. கடைத்தெருக்காரர்களுக்குச் செம்பில். வண்டிக்காரர்களுக்குக் கையில். டேனரியில் தோல் வேலை, பட்டை வேலை செய்கிற சேரிக்காரர்களுக்குக் கீற்றுத் தட்டிக்கு வெளியே. தட்டிக்கு உள்ளேயிருந்து அருணகிரி என்கிற ஆள் பிளந்த மூங்கிலில் தண்ணீர் ஊற்றுவான். மூங்கிலின் மறுமுனை தட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அங்கே குனிந்து கையேந்திக் குடிக்க வேண்டும். குடிக்கிறவர் முகம் அருணகிரிக்குத் தெரியாது. எப்போது போதும் என்று அவனே முடிவு செய்வான்.

சவுரியம்மாள் தோல் பதனிட ஆவாரம்பட்டை இடிக்கிறவள். உலக்கை விழ விழப் பட்டைத் தூள் எழும்பி மூக்கு, தொண்டை, கண்ணிமை எல்லாம் அப்பிக்கொள்ளும். உச்சி வேளைக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பேச்சு வராது. அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: ஒரு தடவையாவது வயிறு நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். அவள் பாதி குடித்துக்கொண்டிருக்கும்போதே மூங்கில் வறண்டுவிடும். இன்னும் கொஞ்சம் என்று கேட்டால், "உன் வயிறு இன்னா தாழியா?" என்று உள்ளேயிருந்து குரல் வரும். கோபக்காரிதான் அவள். ஆனால் கோபித்துக்கொண்டு போனால் நாளைக்கு அந்தப் பாதியும் கிடையாது. அதனால் கோபத்தையும் சேர்த்து விழுங்கிவிட்டுப் போவாள். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

அந்த வருஷம் அருணகிரி தங்கை கல்யாணத்துக்கு நெமிலி போய்விட்டான். ஊற்ற ஆளில்லை. பஞ்சாட்சரத்துக்கோ குழாய் இருந்தது, பின்னால் ஓட்டை டின்கள் குவிந்து கிடந்தன. ஒரு டின்னைச் சீயக்காயும் சாம்பலும் போட்டு வாடை போகத் தேய்த்து, குழாயைக் கடையிலிருந்து கழற்றி அதில் மாட்டி, மேல் மூடி வழியாகத் தண்ணீர் நிரப்பி இறுக மூடி, தட்டிக்கு வெளியே ஒரு முக்காலியில் வைத்தார். வருகிறவர்கள் தாங்களே திருகிக் குடிக்கலாம்!

முதலில் வந்து நின்றவள் சவுரியம்மாள். குழாயைப் பார்த்தாள். கட்டைவிரல் அளவு சாமான், அத்தனை தண்ணீரைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறதே என்று அவளுக்கு ஆச்சரியம். கையை நீட்டினாள்.

"நில்லு" என்றார் அங்கே வந்த வேதாசலம். பிறகு பஞ்சாட்சரத்திடம் திரும்பினார். "இன்னாய்யா இது? இவ கை வச்சா, தீட்டு குழாய் வழியா உள்ள ஏறாது?"

பஞ்சாட்சரம் கோபப்படவில்லை. கேள்வி அவருக்குப் பிடித்துப்போயிற்று. "தண்ணி மேலருந்து கீழதானண்ணே வருது? அதுக்கு எதிர்ல தீட்டு எப்டி ஏறும்?"

"நீதானய்யா சொன்ன, குளுக் குளுக்குன்னு காத்து குழாய் வழியா ஏறுதுன்னு? இவ வாய்கிட்ட இருக்கிற காத்து ஏறுதா இல்லியா?"

பஞ்சாட்சரம் தலையைச் சொறிந்தார். பிறகு உள்ளே ஓடிப்போய் ஆணியும் சுத்தியலும் கொண்டுவந்து டின்னின் தலையில் ஓர் ஓட்டை போட்டார். "இப்பப் பாருங்க. காத்து மேலருந்துதான் போவுது. விரல வச்சி மூடிப் பாருங்க, தண்ணி நிக்கும்."

வேதாசலம் மூடிப் பார்த்தார். நின்றது. எடுத்தார். ஓடிற்று. "அட!" என்றார். வண்டிக்காரர் ஒருவர் நானும் பார்க்கிறேன் என்றார். தையற்கடைக்காரர் இறங்கி வந்தார். மூடுவதும் திறப்பதுமாக, அந்தத் தெருவே குனிந்து குழாயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. தண்ணீர் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. தாகத்தோடு வந்தவள் வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். காற்று கீழிருந்து ஏறவில்லை என்று எல்லாருக்கும் திருப்தியாவதற்கும் டின் காலியாவதற்கும் சரியாக இருந்தது.

"காத்து ஏறல, ஒத்துக்கறேன்" என்றார் வேதாசலம். "ஆனா திருகுல கை வைக்கிறாளே, அதுக்கு இன்னா சொல்ற?"

அதற்குப் பஞ்சாட்சரத்திடம் ஆணி இல்லை. கடைசியில், உள்ளேயிருந்து ஒருவர் வந்து திருக வேண்டும், அவர்கள் கையேந்த வேண்டும் என்று முடிவாயிற்று. குழாய் வந்தும் மூங்கில் காலம் போகவில்லை.

சம்பூர்ணம் திருகினாள். அவள் நல்லவள்தான், நின்று திருகுவாள். ஆனால் அடுப்பில் குழம்பு கொதிக்கும், கடையில் ஆள் கூப்பிடுவார்கள், "சீக்கிரம் குடிடி" என்று சொல்லிக்கொண்டே மூடிவிட்டு ஓடுவாள். சவுரியம்மாளின் தாகம் பழையபடி பாதியிலேயே நின்றது.

ஒருநாள் உச்சி வேளையில் பஞ்சாட்சரம் ரயிலடிக்குப் போயிருந்தார். சம்பூர்ணம் ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தாள். கடைக்குக் காவல் இருந்த தையற்காரர் தூங்கிவிட்டார். சவுரியம்மாள் வந்தாள். "அம்மா... அம்மா..." என்று கூப்பிட்டுப் பார்த்தாள். அவளுக்கு முன்னால் டின் நிறையத் தண்ணீர். குழாய் நுனியில் ஒரு சொட்டு திரண்டு திரண்டு விழுந்துகொண்டிருந்தது. எத்தனை நேரம்தான் அதைப் பார்த்துக்கொண்டிருப்பது? திருகிவிட்டாள்.

ரெண்டு மடக்கு குடித்திருப்பாள். "ஏய்!" என்று அரிசி மண்டியிலிருந்து வேதாசலம் கத்தினார். அவள் கை தானாக மூடிவிட்டது. கூட்டம் கூடிவிட்டது. பஞ்சாட்சரம் மாட்டுவண்டியில் டின்களோடு வந்து இறங்கியபோது, நியாயம் பேசி முடித்து அவருக்காகக் காத்திருந்தார்கள்.

"அந்தக் குழாயத் தூக்கிப் போடு" என்றார் வேதாசலம். "இல்லன்னா இந்தத் தெருவுல உன்கிட்ட எவனும் எண்ணெ வாங்க மாட்டான்."

"புளி போட்டுத் தேச்சிட்டா போவாதாண்ணே?"

"தெனம் தேப்பியா?"

பஞ்சாட்சரம் குழாயைக் கழற்றினார். தண்ணீர் ஓட்டை வழியாக அவர் காலில் கொட்டிற்று. அவருக்கு அழுகையே வந்துவிட்டது. அழுதால் சிரிப்பார்களே என்று அடக்கிக்கொண்டார். கையில் பிடித்துக்கொண்டு, எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றார். சாக்கடையில் போட மனசு வரவில்லை.

"போடறத என் கையில போடுங்க மொதலாளி" என்றாள் சவுரியம்மாள்.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் நிறுத்தவில்லை. "அந்த ஓட்ட டின்னு ஒண்ணும் குடுங்க. யாரும் வாங்கறதில்லியாமே. சும்மா வேணாம்." முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறையை எடுத்துக் கடைப் பலகைமேல் வைத்தாள்.

பஞ்சாட்சரம் வேதாசலத்தைப் பார்த்தார். வேதாசலம் பலகைமேல் இருந்த சில்லறையைப் பார்த்தார். காசுக்குத் தீட்டு கிடையாது என்பதில் எங்கள் ஊரில் எந்தக் காலத்திலும் தகராறு வந்ததில்லை. பஞ்சாட்சரம் குழாயை அவள் கையில் போட்டார். அவள் அதை இடுப்பில் செருகிக்கொண்டு, டின்னைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் விடிந்ததும் பட்டை இடிக்கிற பெண்கள் எல்லாரும் பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் சுமந்து வந்தார்கள். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், பட்டைக் கொட்டகை வாசலில், நாலு செங்கல்லை அடுக்கி, வாடை போகத் தேய்த்த டின்னை வைத்தார்கள். சவுரியம்மாள் குழாயை ஓட்டையில் வைத்துத் திருகி, துணியில் வடிகட்டித் தண்ணீரை நிரப்பி மூடினாள்.

உச்சி வேளை. பஞ்சாட்சரம் கடை வாசலில் நின்றுகொண்டு அந்தப் பக்கம் பார்க்காதவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். அந்த டின்னின் தலையில் தான் ஆணி அடித்திருந்தோமா இல்லையா என்று அவருக்கு ஞாபகம் வரவில்லை. அது அவரை அரித்துத் தின்றது. வேதாசலம் மண்டியில் உட்கார்ந்திருக்கிறார் என்பதையும் மறந்து, ரோட்டைத் தாண்டிக் கேட்கும்படி கத்திவிட்டார்.

"மேல ஓட்ட இருக்குதா?"

"இருக்குது மொதலாளி!"

சவுரியம்மாள் குந்தி உட்கார்ந்தாள். திருகினாள். கையேந்திக் குடித்தாள். குடித்துக்கொண்டே இருந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி குடித்தாள். வயிறு நிறைந்துவிட்டது. ஆனால் அவள் குழாயை மூடவில்லை. முகத்தைக் குழாய்க்கு நேராகக் கொண்டுபோனாள். தண்ணீர் நெற்றியில் விழுந்து, இமையில் ஒட்டியிருந்த பட்டைத் தூளைக் கரைத்துக்கொண்டு, கழுத்து வழியாக ரவிக்கையெல்லாம் நனைத்துத் தரையில் ஓடிற்று.

"ஏண்டி, தண்ணி வீணாவுதுடி! மூடு!" என்று பின்னால் நின்றவர்கள் கத்தினார்கள்.

"வீணாவட்டும்" என்றாள் கண்ணைத் திறக்காமல். "நான் சொமந்த தண்ணிதானே."

இன்னும் கொஞ்ச நேரம் ஓட விட்டாள். அப்புறம் தானே மூடினாள். எழுந்து தள்ளி நின்று, அடுத்து நின்ற வள்ளியம்மாளுக்கு இடம் விட்டாள். வள்ளியம்மாள் பழக்க தோஷத்தில் குனிந்து ரெண்டு கையையும் சேர்த்து ஏந்திக்கொண்டு, யாராவது திறந்துவிடுவார்கள் என்று காத்திருந்தாள்.

"கைய ஏந்திக்கினு எதுக்குடி நிக்கற?" என்றாள் சவுரியம்மாள். "நீயே திருகு."