இருபது நிமிட டிக்கட்

இருந்தவர்கள்:

ஜெயரட்ணம், முகாமையாளர்.
நளீரா, புரோகிராமர்.
புஸ்பலீலா, கொஸ்லந்தைக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கிளார்க். தொலைபேசியில் மட்டும்.
போஸ், இரவு ஒப்பரேட்டர். அது நான்.

எங்கள் அலுவலகத்தில் ஏதாவது நின்றுபோனால், பணிப் புத்தகத்தில் முதலில் இருந்தவர்களின் பெயர்களை எழுத வேண்டும். என்ன நடந்தது என்பதை அதற்குக் கீழே எழுதலாம். 2006 ஏப்ரல் 17, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நான் எழுதிய பெயர்கள் இவை. நளீராவின் ஆறு மாதத் தகுதிகாண் காலம் அன்றோடு முடிகிறது என்பதையும், அவளை நிரந்தரமாக்கும் கடிதம் கையெழுத்தில்லாமல் ஜெயரட்ணம் ஐயாவின் மேசையில் கிடந்தது என்பதையும் எழுதவில்லை. அதற்குப் புத்தகத்தில் இடம் கிடையாது.

பதுளை பசார் வீதியில் ஒரு இரும்புக் கடைக்கு மேலே இருந்தது எங்கள் அலுவலகம். பதினொரு தோட்டத் தொழிற்சாலைகள், அந்தந்த வாரம் பெட்டியில் அடைத்த தேயிலையின் விபரங்களைத் தொலைபேசி வழியாக எங்கள் சேர்வரில் பதிந்தன. நாங்கள் அதைப் பட்டியலாக்கிக் கொழும்புக்கு அனுப்பினோம். ஒரு தோட்டத்தின் விபரத்தை இன்னொரு தோட்டம் பார்க்கக் கூடாது. அதற்கான வாசற்கதவுதான் நளீரா செய்தது. பேர்ள் என்ற கணினி மொழியில் எழுதி, அபாச்சி என்ற சேர்வர் மென்பொருளுக்குள் ஒரு மொடியூலாக, அதாவது ஒரு துணை நிரலாகப் பொருத்தியிருந்தாள். பாஸ்வேர்ட் சரியாக இருந்தால் அது கிளார்க்கின் கணினிக்கு ஒரு டிக்கட் கொடுக்கும். அடுத்த ஒவ்வொரு பக்கத்திலும் கணினி அந்த டிக்கட்டைக் காட்ட வேண்டும். காலாவதியானால் இறக்கிவிட்டு மறுபடி பாஸ்வேர்ட் கேட்கும். பஸ் கண்டக்டர் வேலைதான்.

டிக்கட் முதலில் எட்டு மணி நேரம் செல்லும். கிளார்க்குகள் கணினியைத் திறந்தபடி விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறார்கள் என்று ஜெயரட்ணம் ஐயா சத்தம் போட்டதால், புத்தாண்டு விடுமுறைக்கு முதல் நாள் நளீரா அதை இருபது நிமிடமாகக் குறைத்தாள். விடுமுறை முடிந்த முதல் காலையில் புஸ்பலீலாவால் உள்ளே நுழைய முடியவில்லை.

என் வேலை ஆறு மணிக்கே முடிந்துவிட்டது. வீடு இருக்கும் ஹாலிஎலவுக்கு பஸ் இல்லாததால் உட்கார்ந்திருந்தேன். பல்கலைக்கழகத்தை இரண்டாம் வருடத்தில் விட்டவன் நான். சேர்வர் அறையின் சாவி என்னிடம் இருந்தது. என்னிடம் இருந்த ஒரே பதவி அந்தச் சாவிதான்.

நளீரா தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டாள்.

"பாஸ்வேர்ட் சரியாத்தாங்க மிஸ் போடுறேன்," என்றாள் புஸ்பலீலா. "பிழைன்னும் சொல்ல மாட்டேங்குது. உள்ள விடவும் மாட்டேங்குது. போட்டா திரும்ப அதே பக்கந்தான் வந்து நிக்குது."

"கப்ஸ் லொக் போட்டிருப்பாள்," என்றார் ஜெயரட்ணம் ஐயா.

"ஐயா பேசுறது கேக்குதுங்க. கப்ஸ் லொக் லைட்டு எரியலைங்க. எங்களுக்கு லைட்டே இப்பதான் வந்துச்சு."

நான் சிரித்துவிட்டேன். ஐயா என்னைப் பார்த்தார்.

"நளீரா, மற்றப் பத்துத் தோட்டமும் உள்ளுக்கை வந்திட்டுது. உவள் ஒருத்திக்குத்தான் வராது. ஒண்டில் உவளிலை பிழை, இல்லாட்டி உம்மட மொடியூலிலை பிழை. எனக்கு மத்தியானத்துக்கு முதல் பட்டியல் வேணும். உந்த மொடியூல் சரிவராதெண்டால் கழட்டிப் போடுவம். பழையபடி ஃபக்ஸிலை அனுப்பட்டும்." பிறகு, மேசையில் கிடந்த கடிதத்தைப் பார்க்காமலே சொன்னார்: "மொடியூல் இல்லாட்டிப் புரோகிராமரும் தேவையில்லைத்தானே."

பண்டாரவளையில் நளீராவின் வாப்பாவுக்குப் புடவைக் கடை உண்டு. பதுளையில் வேலை வேண்டாம், கடையில் உட்கார் என்று அவர் ஒவ்வொரு மாதமும் சொல்வார் என்று எனக்குத் தெரியும். இந்த வேலை போனால் அவள் போகவேண்டிய இடம் அந்தக் கடைதான்.

முதலில் புஸ்பலீலாவின் பெயரையும் பாஸ்வேர்டையும் எங்கள் அலுவலகக் கணினி ஒன்றில் போட்டுப் பார்த்தாள். திறந்தது. ஆகவே பாஸ்வேர்ட் சரி. பிறகு சேர்வரின் பதிவேட்டைத் திறந்தாள். யார் எந்தப் பக்கத்தை எத்தனை மணிக்குக் கேட்டார்கள் என்று அது வரிவரியாக எழுதும்.

"புஸ்பலீலா, இப்ப ஒருக்கா எண்டர் தட்டுங்க."

"தட்டிட்டேங்க."

திரையில் இரண்டு வரிகள் விழுந்தன. நளீரா பேனாவின் பின்பக்கத்தால் காட்டினாள். "பாருங்க போஸ். மொத வரியில பாஸ்வேர்ட ஏத்துக்கிட்டு டிக்கட் குடுத்திரிக்கு. அடுத்த வரியில அவங்க டிக்கட் இல்லாம வந்து நிக்கிறாங்க. குடுத்த டிக்கட் எங்க போச்சு?"

"லைன் கோளாறா இருக்கும்," என்றேன்.

"லைன் கோளாறெண்டா பக்கமே வராது."

இதைத்தான் நான் அவளிடம் வியந்தேன், இன்றும் வியக்கிறேன். நான் ஒரு கோளாறைப் பார்த்தால் அதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டு எழுந்து போவேன். அவள் பெயர் வைக்க மாட்டாள். எதுவரை சரியாக நடந்தது, எந்த இடத்திலிருந்து நடக்கவில்லை என்று மட்டும் பார்ப்பாள்.

ஜெயரட்ணம் ஐயாவுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. "புதன்கிழமை என்ன மாத்தினீர்? இருபது நிமிசம். அதைப் பழையபடி எட்டு மணித்தியாலம் ஆக்கும்."

அவள் மாற்றினாள். பேர்ள் மொடியூல் ஒருமுறை சேர்வரின் நினைவுக்குள் ஏறிவிட்டால், கோப்பை எவ்வளவு திருத்தினாலும், சேர்வரை நிறுத்தித் தொடக்கும்வரை பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். இது தெரியாமல் மொடியூல் வந்த முதல் மாதத்தில் ஒரு முழு இரவை வீணாக்கியிருக்கிறேன். சாவியை எடுத்துப் போய்ச் சேர்வரை நிறுத்தித் தொடக்கிவிட்டு வந்தேன்.

"ஐயோ மிஸ், உள்ள போயிருச்சுங்க!" என்றாள் புஸ்பலீலா.

ஜெயரட்ணம் ஐயா நாற்காலியில் சாய்ந்தார். "பாத்தீரே? உம்மட மாற்றத்திலைதான் பிழை. சரி, வேலை நடந்தால் காணும். விடும்."

அவர் விடச் சொன்னாலும், அந்தக் கடிதத்தில் இனிக் கையெழுத்து இல்லை என்று அவர் மனதில் முடிவாகியிருந்தது. அவருடைய முகத்தில் அது தெரிந்தது. நளீராவும் பார்த்தாள். நானாக இருந்தால் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு, வேலை செய்கிற சேர்வரைத் தொடாமல், கையெழுத்துக்காகக் கெஞ்சியிருப்பேன்.

"புஸ்பலீலா, ஒங்கட பதிவையெல்லாம் இப்பவே போட்டு முடிங்க," என்றாள். பத்து நிமிடம் காத்திருந்தாள். முடிந்தது என்று புஸ்பலீலா சொன்னதும், கோப்பில் மறுபடி இருபது நிமிடம் என்று எழுதினாள்.

"என்ன செய்யிறீர்?" என்றார் ஐயா.

"திரும்ப ஒடைக்கிறேன், சேர்."

"விசரே உமக்கு?"

"எட்டு மணித்தியாலம் எண்டா வேல செய்யுது, இருபது நிமிசம் எண்டா அவங்களுக்கு மட்டும் செய்யல்ல. ஏன் எண்டு தெரியாம விட ஏலா சேர். என்ட பிழை எண்டா எனக்கு அது எங்க எண்டு தெரியணும். பட்டியல் வந்துட்டு. இனி ஒங்களுக்கு நட்டமில்ல. போஸ், சேர்வர ஒருக்கா நிப்பாட்டித் தொடக்குங்க."

ஐயா என்னைப் பார்த்தார். நான் போய்த் தொடக்கினேன்.

உடைந்தது. புஸ்பலீலா மறுபடி வாசலில் நின்றாள். நளீரா அந்த இரண்டு வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரும்புக் கடையில் கம்பி இறக்கும் சத்தம் கீழிருந்து வந்தது. ஐயா கடிதத்தை எடுத்து ஒரு கோப்புக்குள் வைத்தார். அவள் திரும்பவில்லை.

"புஸ்பலீலா, ஒங்கட கம்பியூட்டர்ல இப்ப எத்தின மணி?"

"எட்டு அம்பத்திரெண்டுங்க."

எங்கள் சேர்வரிலும் எட்டு ஐம்பத்திரண்டு. சுவர்க் கடிகாரத்திலும் அதுதான். நேரத்தில் பிழை இல்லை என்று அந்தப் பேச்சை நான் மனதில் மூடிவிட்டேன். அவள் மூடவில்லை. பதிவேட்டின் வரியை இன்னொரு முறை படித்தாள், இந்த முறை வாய்விட்டு.

"எட்டு அம்பத்திரெண்டு, கூட்டல் ஆறு மணி." நிறுத்தினாள். "கூட்டல் ஆறா?"

பத்து வருடங்களாக இந்த நாட்டின் கடிகாரம் கிறீன்விச் நேரத்துக்கு ஆறு மணி நேரம் முன்னால் ஓடியது. அந்தப் புத்தாண்டு முடிந்த இரவில், அதாவது மூன்று நாட்களுக்கு முன்பு, எல்லாரும் அரை மணி நேரம் பின்னுக்கு வைத்தோம். இனி ஐந்தரை. வெள்ளி இரவு வேலையில் இருந்தவன் நான். அலுவலகக் கணினிகள் ஒன்பதிலும் சேர்வரிலும் நேரத்தை மாற்றியவனும் நான்தான்.

"புஸ்பலீலா, மணி காட்டுற எடத்த ரெண்டு தரம் தட்டுங்க. எந்த ஊர் எண்டு ஒரு வரி இரிக்கும். என்ன போட்டிரிக்கு?"

"அஞ்சரைங்க. சென்னை, கல்கத்தா, மும்பாய், புதுடில்லி."

"ஓ, நீர் இந்தியாவுக்கே போயிட்டீரோ?" என்றார் ஜெயரட்ணம் ஐயா.

"இலங்கை வரியில இன்னும் ஆறுன்னுதாங்க போட்டிருக்கு. அஞ்சரை இருந்தது அந்த ஒரு வரியிலதான். சும்மா முள்ள திருப்பினா ஈமெயில் நேரமெல்லாம் அரை மணி பிசகுதுங்க, பாத்தேன். அதான் அதைப் போட்டேன்." பிறகு சொன்னாள்: "எங்கள இந்தியாக்காரங்கன்னு சொல்றது என்னங்க ஐயா புதுசா? கம்பியூட்டரும் சொல்லிட்டுப் போகட்டும்."

ஐயா தொண்டையைச் செருமினார். நளீரா சிரிக்கவில்லை. ஒரு தாளை இழுத்து எழுதி, எங்கள் பக்கம் திருப்பினாள்.

சேர்வரின் முள் மட்டும்தான் திருப்பப்பட்டிருந்தது, ஊர் மாறவில்லை. கடிகாரம் சரியான நேரத்தைக் காட்டியது. ஆனால் தான் கிறீன்விச்சுக்கு ஆறு மணி நேரம் முன்னால் இருப்பதாக அது இன்னும் நம்பியது. டிக்கட்டின் காலாவதி கிறீன்விச் கணக்கில் எழுதப்படும். ஆகவே சேர்வர் கொடுத்த ஒவ்வொரு டிக்கட்டும் அரை மணி நேரம் பழையது. இருபது நிமிட டிக்கட், கையில் வாங்கும்போதே காலாவதியாகிப் பத்து நிமிடம். காலாவதியான டிக்கட்டைக் கணினி வைத்திருக்காது; புஸ்பலீலாவின் கணினிக்குச் சரியான நேரம் தெரியும் என்பதால் அது டிக்கட்டை எறிந்துவிட்டது. மற்றப் பத்துத் தோட்டங்களும் எங்கள் அலுவலகமும் ஒரே மாதிரி முள்ளைத் திருப்பியிருந்ததால், ஒரே பிழைக்குள் ஒற்றுமையாக வேலை செய்தன. எட்டு மணி நேர டிக்கட்டில் அரை மணி குறைந்தால் யாருக்கும் தெரியாது. அவ்வளவுதான் விஷயம். சரியாகச் செய்த ஒருத்தியை மட்டும் சேர்வர் வெளியே நிறுத்தியிருந்தது.

ஜெயரட்ணம் ஐயா தாளை இரண்டு தரம் படித்தார். முன்பு அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் கணக்காளராக இருந்தவர், எண்கள் சரியாக இருந்தால் ஒத்துக்கொள்வார். "அப்ப மொடியூலிலை பிழை இல்லை."

"இல்ல சேர்."

"சேர்வரிலை நேரம் மாத்தினது ஆர்?"

நளீரா பணிப் புத்தகத்தை எடுத்து வெள்ளிக்கிழமைப் பக்கத்தைத் திறந்தாள். என் கையெழுத்தில் ஒரே வரி: "எல்லாம் சரி." நேரத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. அவள் என் பக்கம் பார்க்காமல் புத்தகத்தை மேசையில் வைத்தாள். பெயரைச் சொல்லவில்லை. அது இரக்கமல்ல. தெரிந்ததற்கு மேல் சொல்லமாட்டாள், அவ்வளவுதான்.

"நான்தான்," என்றேன்.

"ஏன் முள்ள மட்டும் திருப்பினீங்க?" என்று கேட்டாள். "சேர்வர்லயும் அந்த வரி இரிக்குத்தானே. கல்கத்தா எண்டு."

இருந்தது. வெள்ளி இரவு அதைப் பார்த்தேன். கைவிரல் அதன்மேல் நின்றது. பாட்டன்மார் இந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர்கள் என்பதால், பள்ளிக்கூடத்திலும் பிறகு பல்கலைக்கழக விடுதியிலும் என்னை இந்தியாக்காரன் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். விடுதியில் அப்படிக் கூப்பிட்ட ஒருவனை அடித்துவிட்டுத்தான் நான் திரும்பிப் போகாமல் விட்டேன். என் கையால் இந்தச் சேர்வருக்கு கல்கத்தா என்று போடமாட்டேன் என்று தோன்றியது. முள்ளைத் திருப்பினேன். இதே வரியை ஒரு தோட்டத்துப் பெண் பார்த்து, ஐந்தரை என்பதை மட்டும் படித்து, போட்டுவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறாள்.

"அதுல இந்தியான்னு இருந்துச்சு," என்றேன்.

ஐயா ஜன்னலைப் பார்த்தார். நளீரா வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் விரலை வைத்தாள்.

"அது ஒங்கட விசயம். பொத்தகத்துல ஏன் எழுதல்ல?"

புத்தகத்தை என் முன்னால் தள்ளினாள். வெள்ளிக்கிழமைப் பக்கத்தில், "எல்லாம் சரி" என்பதற்குக் கீழே, என்ன செய்தேன் என்று எழுதினேன். எத்தனை மணிக்கு என்பதையும் எழுதச் சொன்னாள். எழுதும்போது எந்த நேரக் கணக்கில் என்று கேட்டேன். அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தாள்.

"ரெண்டுலயும் எழுதுங்க."

ஜெயரட்ணம் ஐயா கோப்பிலிருந்து கடிதத்தை எடுத்தார். சட்டைப்பையில் பேனா இல்லை. என் கையில் இருந்ததை வாங்கிக் கையெழுத்திட்டு, கடிதத்தை அவளிடம் நீட்டினார்.

"மூண்டாம் பந்தியை வாசியும். சேர்வர் அறைப் பொறுப்பும் இனி உம்மடதான்."

"ஸ்பீக்கர்ல நான் இன்னும் இருக்கேங்க," என்றாள் புஸ்பலீலா. "மிஸ்ஸுக்கு வேலை நிரந்தரமாங்க?"

"ஓம்," என்றாள் நளீரா. "ஒரு பதினைஞ்சு நிமிசம் பொறுங்க. சேர்வர ஒங்கட நேரத்துக்குக் கொண்டு வாறேன்."

சேர்வர் அறைக்கு நடந்தாள். நான் பின்னால் போனேன். கதவைத் திறந்துவிட்டு, பழக்கத்தில் அவளுக்கு முன்னால் உள்ளே நுழைந்து நின்றேன். குளிர்சாதனக் காற்று. நான் ஒரு வருடமாகத் தூங்காமல் உட்கார்ந்திருந்த நாற்காலி. அதன் முதுகில் என் கம்பளிச் சட்டை தொங்கியது.

"சாவி," என்றாள்.

கொடுத்தேன்.

"ராவைக்கு வருவீங்கதானே?"

"வருவேன்."

"வந்தா பெல்ல அடிங்க. நான் இருந்து தொறந்து விடுறேன்."

கம்பளிச் சட்டையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவள் திரைக்கு முன்னால் உட்காரவில்லை. முதலில் கதவுக்கு வந்தாள். என் முதுகுக்குப் பின்னால் அது சாத்தப்பட்டது. சாவி இரண்டு சுற்று திரும்பியது.