சுவருக்குள் இருநூற்று அறுபத்தைந்து வாட்

அந்த வீட்டில் அவளுக்குப் பெயர் 'கரண்டு'. எலெக்ட்ரீஷியன் வேலை பார்க்கிறாள் என்பது பாதிக் காரணம்தான். தொட்டதற்கெல்லாம் சுள்ளென்று விழுவாள் என்பது மீதி. பெயர் வைத்தது அண்ணன். அவன் வாய் சும்மா இருக்குமா?

அன்று அவனே போன் போட்டுக் கூப்பிட்டிருந்தான். வீட்டின் முன்பக்கத்தில் அவன் நடத்தும் சலவைக் கடைக்கு, இஸ்திரி போட நீராவி கொடுக்கிற பாய்லர் முன்போலச் சூடேற மாட்டேன் என்கிறதாம். ஒரு விடுதியின் படுக்கை விரிப்புகள் மலையாகக் குவிந்து கிடந்தன. சாயங்காலத்துக்குள் போய்ச் சேராவிட்டால் விடுதிக்காரன் வேறு கடையைப் பார்த்துக்கொள்வான்.

போகிற வழியில் நடு அறையை எட்டிப் பார்த்தாள். இடுப்பெலும்பு முறிந்து அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தார். பிறர் உதவியில்லாமல் புரண்டு படுக்கக்கூட முடியாது.

"எப்படிப்பா இருக்கு?"

"இப்போ தேவலாம்மா. சுவத்துல முதுகைச் சாய்ச்சா இதமா இருக்கு. உங்க அண்ணி கட்டிலை நகர்த்தப் பார்த்தா, நான் விடலையே!"

பாய்லர் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் இருந்தது. கடைக்குள் இடம் போதவில்லை என்று அண்ணன் சமீபத்தில்தான் அங்கே மாற்றியிருந்தான். அவள் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சூடேற்றும் கம்பியில் மீட்டரை வைத்தாள். பதினெட்டு ஓம். இருநூற்று முப்பது வோல்ட்டை அதால் வகுத்தால் கிட்டத்தட்ட பதின்மூன்று ஆம்பியர். வாட் கணக்கில் மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. கம்பியில் கோளாறில்லை. சாக்கெட்டைப் பார்த்தாள்; அதிலும் இருநூற்று முப்பது.

"உள்ளே உப்புப் படிஞ்சிருக்கும். கழுவி வை" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருப்பாள். எதற்கும் இருக்கட்டும் என்று பாய்லரை ஓடவிட்டு, கரண்டை அளந்தாள். பதினொன்றரை ஆம்பியர்தான்.

நெற்றியில் அடித்துக்கொண்டாள். பளு இல்லாமல் சும்மா கிடக்கும்போது எந்த வயரும் யோக்கியன்தான்! இவ்வளவு வருஷ அனுபவத்தில் இதுகூடவா மறந்துபோகும்? பாய்லர் ஓடும்போதே சாக்கெட்டை மறுபடி அளந்தாள். இருநூற்று ஏழு. முன்னால் இருக்கும் மெயின் போர்டுக்கு ஓடினாள். அங்கே முழுசாக இருநூற்று முப்பது.

போர்டுக்கும் பாய்லருக்கும் நடுவே இருபத்துமூன்று வோல்ட்டைக் காணோம். பதினொன்றரையால் வகுத்தால் இரண்டு ஓம்; நல்ல வயரில் இவ்வளவு தடை இருக்கவே கூடாது. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் ஏறக்குறைய இருநூற்று அறுபத்தைந்து வாட். அத்தனையும் வழியில் எங்கோ வெறும் சூடாக இறங்கிக்கொண்டிருந்தது. கரண்டு கூடினால்தானே லைனைத் துண்டிக்கும் டிரிப்பர் விழும்? இங்கே குறையத்தான் செய்கிறது. சட்டென்று மெயினை அணைத்தாள்.

அண்ணன் பாய்ந்து வந்தான். "ஏய் கரண்டு, என்ன பண்றே? இந்த ஒரு மூட்டையாவது முடியட்டும்!"

"வீடே எரிஞ்சிடும்ணே. இந்த லைன்ல எங்கயாவது ஜாயிண்ட் போட்டியா?"

"நான் ஒண்ணும் போடலை. முழு வயர். நானே இழுத்தேன்."

"எங்க, என்னைப் பார்த்துச் சொல்லு."

"இல்லைன்னா இல்லை!"

இஸ்திரி மேசையருகே நின்ற அண்ணி தரையைப் பார்த்தாள். அண்ணன் கல்லுளிமங்கன், வாயைத் திறக்க மாட்டான். கண்டுபிடிக்காமல் போனால், அவள் தெருமுனையைத் தாண்டுவதற்குள் மெயினைப் போட்டுவிடுவான். சுவரோ ஆறிக்கொண்டிருந்தது. ஆறிவிட்டால், பூச்சுக்குள் புதைந்த வயரில் ஜாயிண்டை எங்கே என்று தேடுவது?

போர்டிலிருந்து உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனாள். கடைச் சுவர் ஜில்லென்று இருந்தது. நடைச் சுவரும் அப்படியே. இன்னும் கொஞ்ச தூரம் தடவியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

சுவத்துல சாய்ச்சா இதமா இருக்கு.

பாய்லர் கொட்டகையில் இருக்கிறது. அப்பாவின் சுவருக்கு எங்கிருந்து சூடு வந்தது?

"அண்ணே, ஓடி வா! கட்டிலைப் பிடி!"

இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். மெத்தையின் சுவரோர விளிம்பு, இஸ்திரிப் பெட்டியை மறந்து வைத்த துணிபோலப் பழுப்பேறியிருந்தது. அப்பாவின் முதுகு படாத கீழ் விளிம்பில் ஓரிடம் கருகியே போயிருந்தது. அதற்கு நேரே சுவரில் கையை வைத்தவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். உளியால் தட்டினாள். பூச்சு பெயர்ந்து விழ, மெல்லிய புகை கிளம்பியது. உள்ளே வெறும் கையால் முறுக்கிய இரண்டு வயர் முனைகள். மேலே சுற்றிய டேப் உருகி வழிந்திருந்தது.

அண்ணன் திருதிருவென்று விழித்தான். "வயர் கொஞ்சூண்டுதான் பத்தலை... வேலை நிக்குமேன்னு..."

"அப்பாவால எழுந்து ஓட முடியுமாடா?"

பிறந்ததிலிருந்து அண்ணனை அவள் 'டா' போட்டதில்லை.

அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெற்றிடத்தில் கையை நீட்டிச் சுவரைத் தேடினார்.

"ஏம்மா, அதையா உடைச்சுட்டே? வெந்நீர்ப் பையைவிட நல்லா இருந்துச்சே. அப்பனுக்கு முதுகு வலிக்குதேன்னு உங்க அண்ணன்தான் யோசிச்சுப் பண்ணி வெச்சிருக்கான்னு நெனச்சேன்."

அண்ணன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, பெயர்ந்து கிடந்த பூச்சுக்கு நடுவே உட்கார்ந்து அழுதான்.