கல்யாணத்துக்கு மறுநாள் உரம்

மேலாரன் ஏரிக்கரையில் பனி உருகியதும் விவசாயி ஸ்வாந்தேவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தரை உறைந்து கிடந்தபோதே விறகுக்கென்றே பயிரிட்ட தன் வில்லோ மரங்களை அடியோடு வெட்டிச் சில்லுகளாக்கி, நகரத்து வீடுகளுக்குச் சூடு அனுப்பும் கொதிகலன் நிலையத்துக்கு விற்றாயிற்று. இப்போது அடிக்கட்டைகளில் துளிர் முட்டிக்கொண்டிருந்தது. உரம் போட இதுதான் நேரம். துளிர் வளர்ந்துவிட்டால் டிராக்டரை உள்ளே விட முடியாது. அடுத்த வெட்டு வரை மூன்று வருஷம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். போன தடவை இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டு அப்படித்தான் நின்றார். மரங்கள் நோஞ்சானாக வளர்ந்து, வந்த காசு வெட்டுக்கூலிக்கே சரியாகப் போயிற்று. இந்தத் தடவையும் அப்படி ஆனால் நிலத்தைக் கோதுமைக்கே திருப்பிவிடுவதாக மனைவி பிரித்தாவிடம் ஒப்புக்கொண்டிருந்தார். ஆனால் அந்த மரங்கள் மேல் மனிதருக்கு உயிர்.

உரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து இறங்கியது. நகரத்துச் சாக்கடைக் கசடு, கொதிகலன் சாம்பலோடு கலந்தது. சாப்பிடும் பயிருக்கு இதைப் போட ஆயிரம் யோசிப்பார்கள். எரிக்கிற மரத்துக்கு யார் கேட்கப்போகிறார்கள்? இனாமாகக் கிடைத்த சரக்கில் ஒரே குறை நாற்றம். கிளறினால் ஊரே மூக்கைப் பிடிக்கும்.

பக்கத்துப் பண்ணை ரூனே அன்றைக்கே வேலியோரம் வந்து நின்றார். மறுநாள் அவர் மகள் எல்லினுக்கு வீட்டுத் தோட்டத்தில் கல்யாணம். மாப்பிள்ளை மெல்கர் நகரத்துப் பையன்.

"நாளைக்கு மட்டும் அதக் கிளறாதடா," என்றார் ரூனே.

"பன்னி வளக்குறவன் நாத்தத்தப் பத்திப் பேசுறியா?"

"என் பன்னி நாத்தம் ஊருக்குப் பழகிப்போச்சு. இது புதுசுல்ல."

ஞாயிறு சாயங்காலம் தொடங்கி வாரம் முழுக்க மழை என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள். நிலம் சேறானால் டிராக்டர் இறங்காது. காய்வதற்குள் துளிர் எழும்பிவிடும். ஞாயிறு ஒரு பகலில் ஒற்றை ஆளாக முடிகிற வேலையும் இல்லை. ஸ்வாந்தே இதையெல்லாம் பிரித்தாவிடம் புலம்பினார்.

"அந்தப் புள்ள நம்ம அடுப்படியில தவழ்ந்தவ," என்றாள் அவள். "அவ கல்யாணத்த நாறடிச்சு வளர்ற மரம் எனக்கு வேண்டாம்."

ஸ்வாந்தே குவியலைத் தார்ப்பாய் போட்டு மூடினார். சனிக்கிழமை கோட்டு மாட்டிக்கொண்டு போனார். சால்மன் மீன் சாப்பிட்டார், மணப்பெண்ணோடு ஆடினார், நடுநடுவே வானத்தைப் பார்த்தார். ரூனே அதைப் பார்க்காமலில்லை.

ஞாயிறு காலை ஸ்வாந்தே தார்ப்பாயை விலக்கும்போது இன்னொரு டிராக்டர் சத்தம் கேட்டது. எரு இறைக்கும் வண்டியை இழுத்துக்கொண்டு ரூனே வந்துகொண்டிருந்தார். கண்ணெல்லாம் சிவப்பு, உடம்பில் இன்னும் கல்யாணச் சட்டை.

"மூணு வருஷம் இந்தக் குச்சிக்காட்ட என் ஜன்னல் வழியாப் பாக்கப்போறவன் நான்," என்றார். "நோஞ்சானா நின்னா சகிக்காது. நீ அந்தப் பக்கம் போ."

 ஸ்வாந்தே தன் டிராக்டரில் ஏறி அந்தப் பக்கம் ஓட்டினார்.

சாயங்காலம் கடைசி வரிசை முடியும் நேரத்தில் புதுமணத் தம்பதி விடைபெற வந்தார்கள். மெல்கர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, என்ன மாமா இது என்று கேட்டான்.

"உங்க ஊர்ச் சரக்குதான் மாப்ள," என்றார் ரூனே. "நீங்க அனுப்புனது. மரமா வளந்து குளிருக்கு உங்க வீட்டுக்கே சூடா வந்து சேரும்."

எல்லின் சிரித்த சிரிப்பில் மெல்கர் கைக்குட்டையை இறக்கிவிட்டான். முதல் தூறல் விழுந்தது. ஸ்வாந்தே வயலை ஒருமுறை பார்த்தார். ஒரு மூலைகூட பாக்கியில்லை. அவர் மழைக்கு ஒதுங்கவே இல்லை.