ஒரே இடத்தில் இரண்டு பள்ளம்

1

புது சைக்கிளுக்கு நர்ஸம்மா தரவேண்டிய பாக்கி இரண்டாயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய். இந்தக் கதை அந்தப் பாக்கியில் பிறந்தது என்று முதலில் எழுதினேன். பொய். பயத்தில் பிறந்தது. அடித்துவிட்டுத் திரும்ப ஆரம்பிக்கிறேன்.

2

சைக்கிள் பிரேம் கட்டும் பட்டறை. பற்றவைப்பவர் மச்சான். பெயிண்ட் அடிப்பவன் அவருடைய தங்கையைக் கட்டியவன். (அது நான்தான். ‘அவன்’ என்று எழுதினால் உண்மையை எழுத முடிகிறதா என்று பார்க்கிறேன்.)

நர்ஸம்மா மணல் பாதையில் வீடு வீடாகப் போகிறவர். சாதா டயர் புதைகிறதென்று அகல டயர் போகும் பிரேம் கேட்டிருந்தார். கட்டி முடித்து மாட்டியபோது, டயர் பின்சக்கரத்தைத் தாங்கும் குழாயில் உரசியது. மச்சான் குழாயின் உள்பக்கத்தை வைஸ் என்கிற இரும்புப் பிடியில் நெருக்கிப் பள்ளமாக்கினார். டயர் சுற்றியது. அடுத்து, பெடல் தண்டு வெளிப்பக்கம் இடித்தது. அதே இடத்தை வெளியிலிருந்தும் நெருக்கினார்.

[இரண்டு பள்ளத்தையும் தள்ளித் தள்ளித்தான் போடவேண்டும். அவருக்கும் தெரியும். அன்று அவசரம்.]

உருண்டைக் குழாய் அந்த இடத்தில் நாடா மாதிரி ஆகிவிட்டது. உப்புத்தாள் போடும்போது பெயிண்டரின் விரலுக்குத்தான் முதலில் தெரிந்தது.

“மச்சான், இங்க நகம் மாட்டுது.”

“நகத்த வெட்டு. அந்தம்மா என்ன யானையவா ஏத்திட்டுப் போகப்போவுது? பட்டி போட்டு அடி.”

பெயிண்டர் குனிந்து பார்த்தான். முடி அளவு விரிசல். பட்டி மாவால் விரிசலை அடைத்து, மேலே பெயிண்ட் அடித்தான். நல்ல நீலம்.

3

கதைக்கு முடிவு ஒன்று: குழாய் பத்து வருடம் தாங்குகிறது. எழுதிய எனக்கே நம்பிக்கை இல்லை.

முடிவு இரண்டு: வாய்க்கால் பாலத்துச் சரிவு. மருந்துப் பை முன்னால் தொங்க, நர்ஸம்மா பெடல்மேல் எழுந்து நிற்கிறார். வலது காலை அழுத்தும்போது குழாய்

(நாலு தடவை முயன்றேன். இப்படியே கிடக்கட்டும்.)

மச்சானை வில்லனாக்கிப் பார்த்தேன். பெயிண்டர் சுலபமாகத் தப்பித்துவிடுகிறான். மச்சான் விரிசலைப் பார்க்கவில்லை. பார்த்தவன் இவன்.

4

முடிவு மூன்று நானாக யோசித்ததில்லை. இன்று காலை நடந்தது.

நர்ஸம்மா வண்டி எடுக்க வருவதாகச் சொல்லியிருந்தார். மச்சான் தெருவில் ஒரே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, பூ மாதிரி போகுதென்று நிறுத்தினார். பெயிண்டர் அந்தப் பள்ளத்தருகே உட்கார்ந்தான். பிளேடை எடுத்து நீலத்தைச் சுரண்டினான். பட்டியும் உதிர்ந்தது. விரிசல் ஒரு நகம் நீளத்துக்கு வளர்ந்திருந்தது. ஒரு சுற்றுக்கே.

விரிசலைப் பார்த்த மச்சான் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ரம்பத்தை எடுத்துக் குழாயை அறுக்க உட்கார்ந்தார். பாதி அறுத்தபோது நர்ஸம்மா வாசலில் நின்றார். மச்சான் எல்லாவற்றையும் தன் தலைமேலேயே போட்டுக்கொண்டு சொன்னார். தன் அவசரம், தன் தப்பு, வேறு குழாய் போட்டுத் தருவதாக. நோட்டை எடுத்து, பாக்கிக்குக் குறுக்கே கோடு இழுத்தார்.

நர்ஸம்மா நோட்டைப் பார்க்கவில்லை. குனிந்து விரிசலில் விரலை வைத்தார். பிறகு நீலக் கறை படிந்த என் கையைப் பார்த்தார்.

“பெயிண்ட் அடிக்கும்போதே இது இருந்துச்சா?”

கணக்கு தீர்ந்துவிட்டது. மச்சான் நிமிரவில்லை. பெயிண்டர் வாய் திறக்கிறான். அவன் சொன்னதை நான் எழுதப்போவதில்லை. நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்களோ, அதை இங்கே எழுதிக்கொள்ளுங்கள்:

“