ஸ்ப்ரூஸா, சீடாரா?

"கேக்குதாடா குச்சி?" என்று வீட்டிலிருக்கும் தம்பியிடம் கத்தியபடி, கைப்பேசியை மாண்டலினுக்குள் திணிக்காத குறையாகப் பிடித்திருந்தாள் அக்கா. அதைச் செய்த மாண்டலின்காரர் எட்டுத் தந்திகளையும் ஒரே இழுப்பில் மீட்டினார்.

மறுமுனையில் அவள் கணவன்தான் பேசினான்.

"ஒண்ணுமே கேக்கல. நீ பேசினா கணீர்னு கேக்குது. அவர் வாசிச்சா கப்சிப்னு ஆயிடுது."

"போனை அவன் காதுலதானே வெச்சிருக்கீங்க?"

"அவன் காதுலதான். அக்கா வாயை அடக்குற மாதிரி ஒரு போன் யாராவது கண்டுபிடிக்கக் கூடாதாங்கிறான்."

மாண்டலின்காரர் வாத்தியத்தை மடியில் கவிழ்த்து வைத்தார். "பேச்சைத் தவிர மத்ததை எல்லாம் போன் இரைச்சல்னு நினைச்சு வடிகட்டிடும்மா. பல வருஷமா யோசிக்கிற ஆள்தானே உங்க தம்பி. நேர்ல வந்து கேட்டா என்ன?"

உண்மைதான். லிஃப்ட் மெக்கானிக்கான தம்பி, செருப்பு வாங்கவே நாலு கடை ஏறி இறங்குகிறவன். பள்ளிக்கூட நாளிலிருந்து வாசித்த பிளைவுட் மாண்டலின் வயிறு உப்பிச் செத்துப்போன பிறகு, மாதம் ஒருமுறை இந்தப் பட்டறைக்கு வந்து பலகைகளைத் தட்டிப் பார்ப்பான். முகப்பு மரத்துக்குச் சீடார் என்பான், ஸ்ப்ரூஸ் என்பான். முதுகுக்கு மேப்பிளா, மகோகனியா என்று மல்லுக்கட்டுவான். ரோஸ்வுட்டின் விலையைக் கேட்டுவிட்டு அதைத் தொட்ட கையைச் சட்டையில் துடைத்துக்கொள்வான். கடைசியில், "யோசிச்சுச் சொல்றேன்" என்று கிளம்பிவிடுவான். மாண்டலின்காரர் அவனுக்கு வைத்திருந்த பெயரே 'யோசிச்சு' என்பதுதான்.

"அவனால வர முடியாது சார்," என்றாள் அக்கா. "ஆஸ்பத்திரியில வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

"நல்லாயிட்டாரா?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் மேஜை மேலிருந்த மரத்தூளைக் கையால் ஒதுக்கினார்.

காலையில் ஊசி போட வந்த நர்ஸ், "இன்னிக்கு எங்கயும் போகாதீங்க" என்று வாசலில் வைத்துச் சொன்னாள். அதைக் கேட்டதும்தான் அக்கா கார் சாவியை எடுத்தாள். உறவுக்காரர்களுக்குச் சொல்லிவிடலாமா என்று கணவன் கேட்டான். "முதல்ல மாண்டலின், அப்புறம் மத்தது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். ஒரு தடவை கியர் போட்டுவிட்டால் பின்னால் யார் ஹாரன் அடித்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டாள்.

"எங்களால முடிஞ்ச விலையில எது இருக்கு?"

"இந்த ரெண்டும்தான். தட்டை முகம், பூவேலை கிடையாது. முகப்பைக் குடைஞ்சு செதுக்கினா விலை எங்கேயோ போயிடும். ஆனா ரெண்டும் முழுப் பலகை, பிளைவுட் இல்ல, என் கையால இழைச்சது. இது சீடார் முகம், மகோகனி முதுகு. அது ஸ்ப்ரூஸ் முகம், மேப்பிள் முதுகு."

அவள் இரண்டையும் விரல் முட்டியால் தட்டினாள். "ரெண்டும் டொக்குன்னுதான் கேக்குது. எனக்கு ஹாரனும் ஒண்ணுதான், நாயனமும் ஒண்ணுதான். ரெண்டையும் குடுங்க, கேட்டுட்டுக் கொண்டுவரேன்."

"வாத்தியத்தை நான் தனியா அனுப்புறதில்லம்மா. அதுவும் இதுக்கு வார்னிஷ் இன்னும் முழுசா இறுகல."

"அப்ப தனியா அனுப்பாதீங்க. நீங்களும் வாங்க."

"கடையை யார் பார்த்துக்குறது?"

"பூட்டுன கடை ஓடியா போயிடும்?"

இரண்டு மாண்டலின்களையும் பச்சைக் குழந்தைகள் மாதிரி மடியில் போட்டுக்கொண்டு அவர் காரில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்தது, ஓட்டக் கற்றுக்கொடுக்கும்போது அக்கா உட்காரும் சீட். அந்தப் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அவள் போன வேகத்தில் லாரி ஒன்று எதிரே தெரிந்ததும் மனிதர் பயத்தில் காலை ஊன்ற, கார் குலுங்கி நடுத்தெருவில் நின்றது.

"சார், அது என் பிரேக். இன்னிக்கு அதை யாரும் மிதிக்கக் கூடாது."

அவர் கால்களை மடக்கிச் சீட்டின் மேலேயே வைத்துக்கொண்டார்.

வீட்டில் தம்பி ஜன்னல் பக்கம் தலைவைத்துப் படுத்திருந்தான். குச்சி என்ற பட்டப்பெயர் இப்போதுதான் அவனுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. யாரும் அதைச் சொல்லவில்லை. மாண்டலின்காரரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். கணவன் அவன் முதுகுக்கு இரண்டு தலையணை வைத்தான்.

"என்ன யோசிச்சு சார், யோசிச்சாச்சா?" என்றார் மாண்டலின்காரர்.

"பாதி... யோசிச்சிருக்கேன்."

அவர் ஒரே மெட்டை இரண்டிலும் வாசித்தார். முதலில் சீடார். கூடத்து மூலை வரை குரல் வெதுவெதுப்பாகப் பரவியது. காதே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த அக்காவுக்குக்கூட உள்ளே என்னவோ செய்தது. அடுத்து ஸ்ப்ரூஸ். சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் கூச்சத்தோடு, வாயைத் திறக்காமல் பேசுகிற புது மருமகன் மாதிரி இருந்தது.

தம்பி இரண்டின் முதுகையும் ஒவ்வொன்றாகத் தன் நெஞ்சில் வைத்து இன்னொரு முறை வாசிக்கச் சொன்னான். கண்ணை மூடிக்கொண்டான். அப்படியே தூங்கிவிட்டானோ என்று அக்கா பயந்த நேரத்தில் கேட்டான்:

"நீங்க சொல்லுங்க. எது?"

மாண்டலின்காரர் தொண்டையைக் கனைத்தார். "சீடார் முதல் நாளே முழுசாப் பாடிடும். இருக்கிறதை எல்லாம் எடுத்து வெச்சுடும். ஸ்ப்ரூஸ் அப்படி இல்ல. இறுக்கமான ஜாதி. வாசிக்க வாசிக்கத்தான் திறக்கும். ரெண்டு மூணு வருஷம்..." சட்டென்று நிறுத்திக்கொண்டார்.



"சீடாரே போதும்," என்றாள் அக்கா. "பேக் பண்ணிடலாம் சார்."

"ஏன்க்கா சீடார்?"

"நல்லா இருக்கு. அதான்."

"உனக்குத்தான் ஹாரனும் நாயனமும் ஒண்ணாச்சே."

"டேய், இப்பவே நல்லாக் கேக்குறதை விட்டுட்டு..." கணவன் தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் உள்ளே போனான்.

தம்பி கொஞ்சநேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டான். கோபம் இல்லை. இறங்காத லிஃப்டை இறக்கியே தீர்வேன் என்று மொட்டைமாடியில் நிற்கும்போது வருமே, அந்த முகம்.

"நான் மாண்டலின் வாங்குறேங்க்கா. மருந்து வாங்கல. நல்ல மாண்டலின்னா ஸ்ப்ரூஸ்தான். பத்து வருஷம் முன்னாடி கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்."

"கேட்டப்ப எல்லாம் யோசிச்சுச் சொல்றேன்னுதானேடா சொன்ன?"

"இப்ப யோசிச்சாச்சு."

அவள் மாண்டலின்காரரைப் பார்த்தாள். அவர் சீடாரை எடுத்துச் சுவரோரம் வைத்தார். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு, ஸ்ப்ரூஸைத் தூக்கித் தம்பியின் மடியில் கிடத்தினாள். "சரி. உன்னோடது. வாசி."

அவன் வலது கையில் தந்தி மீட்டும் பிக்கைப் பிடித்தான். அது தந்திகளில் சரியாக விழுந்தது. இடது கைதான் வரவில்லை. மாண்டலினின் இரட்டைத் தந்தியை அழுத்த விரலில் பலம் வேண்டும். அவன் அழுத்தினான். சத்தம் செத்தது. மறுபடி அழுத்தினான். விரல் நழுவிப் போர்வையில் விழுந்தது.

"நான் பிடிக்கவா?" என்றார் மாண்டலின்காரர்.

"நீங்க உக்காருங்க சார்," என்றாள் அக்கா. கட்டிலில் ஏறி அவன் இடது பக்கம் ஒட்டி உட்கார்ந்தாள். "எங்க அழுத்தணும், சொல்லுடா."

"உனக்கு எதுக்கு இந்த வேலை?"

"எத்தனை பேருக்கு கிளட்ச் சொல்லிக்குடுத்திருக்கேன். எனக்கு இது வராதா?"

அவன் அவள் விரல்களைப் பிடித்து ஒவ்வொன்றாக இடத்தில் வைத்தான். ஆள்காட்டி விரல் ஒரு சோடித் தந்தியில், நடுவிரல் கீழ்ச் சோடியில், ஒரு கட்டம் தள்ளி. "அவ்வளவுதான். ரெண்டே விரல். அழுத்து."

அவன் மீட்டினான். தகரத்தை இழுத்த மாதிரி சத்தம் வந்தது.

"பாதி கிளட்ச் போடாதக்கா. முழுசா."

"தந்தி விரலை அறுக்குதுடா!"

"அறுக்கும். அழுத்து."

அழுத்தினாள். கம்பி தோலுக்குள் இறங்கியது. அவன் மீட்டினான். இந்த முறை எட்டுத் தந்தியும் சேர்ந்து ஒரு சுத்தமான சத்தம் எழுந்தது. இறுக்கமானதுதான், அடக்கமானதுதான். ஆனால் மேப்பிள் முதுகு அவள் தொடையில் அதிர்வது அவளுக்குத் தெரிந்தது.

"ம்," என்றான் தம்பி.

"நல்லாருக்காடா?"

"திறக்கும்." சிரித்த மாதிரி இருந்தது. "இன்னொண்ணு."

ஜன்னல் வெயில் கட்டில் காலிலிருந்து சுவருக்கு ஏறும்வரை அதே இரண்டு விரல், அதே ஒரு மீட்டு. கணவன் தண்ணீரோடு வந்து, கொடுக்காமலே கதவோரம் நின்றான். இடையிடையே தம்பி கண்ணை மூடி இளைப்பாறுவான். அவள் விரலை எடுக்கப்போனால், "எடுக்காத, வரேன்" என்பான். அவள் அப்படியே காத்திருப்பாள். பிக் மெல்லத் தூக்கி, மெல்ல விழும். சத்தம் முழுசாக அடங்கும்வரை மற்ற மூன்று பேரும் மூச்சுவிட மாட்டார்கள்.

அப்படி ஒரு மீட்டு அடங்கியது. தம்பி இளைப்பாறினான். அவன் தலை அவள் தோளில் கொஞ்சம் கனத்தது.

அவள் விரலை அழுத்தியபடி காத்திருந்தாள்.

மாண்டலின்காரர்தான் முதலில் பார்த்தார். நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு எழுந்தார். போர்வை மடிப்பில் பிக் கிடந்தது. கணவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலருகே வந்து, அவள் பெயரைச் சொல்லாமல், "இங்க பாரு" என்றான்.

"இருங்க," என்றாள் அவள், திரும்பாமல். "இன்னும் அழுத்தணும்."

நகக்கண் வெளுத்துவிட்டது. அவள் இரண்டு விரலையும் இன்னும் கொஞ்சம் ஊன்றினாள்.