போகுது, போகுது

என் கணவருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. கண்டுபிடித்தால் அதையும் அவரே வந்து எனக்கு விளக்குவார்.

பின்னறையில் என் எம்பிராய்டரி மெஷினோடு சேர்ந்து கிழடாகிப்போன ஒரு கம்ப்யூட்டர். கண்ணைக் கெடுத்துக்கொண்டு நான் வரைந்த பூ, கொடி, பறவை டிசைன் அத்தனையும் அதற்குள்தான். வேறு நகல் கிடையாது. முன்னறைக்குப் புதுசு வாங்கியாயிற்று. பழையதை எடுத்துப்போக, பழைய சாமான்காரர் கயிறும் கையுமாக வாசலில் வந்து நின்றுவிட்டார். டிஸ்கைச் சுத்தமாக அழித்துவிட்டுத்தான் கொடுப்பேன் என்பது என் கணவரின் சட்டம். அழிப்பதற்குள் டிசைன்கள் முன்னறைக்குப் போய்ச் சேராவிட்டால் என் பிழைப்பில் மண்தான்.

பழசில் பென் டிரைவ் செருக இடமில்லை. ஃபிளாப்பி எப்போதோ செத்துப்போனது. முதுகில் சீரியல் போர்ட் என்று பழைய காலத்துக் கேபிள் துளை ஒன்று மட்டும் உயிரோடு இருந்தது. இவர் நீளமான ஒரு கேபிளைக் கொண்டுவந்து, கூடத்தின் குறுக்கே இழுத்து, இரண்டு கம்ப்யூட்டரிலும் மாட்டினார். இரண்டிலும் டெர்மினல் புரோகிராமைத் திறந்துவைத்தார். ஒரு பக்கம் தட்டினால் மறுபக்கம் தெரியுமாம்.

பின்னறையில் உட்கார்ந்து ‘ஹலோ’ தட்டினார். திரையில் ‘ஹலோ’ வந்தது.

“பாத்தியா? லைன் சுத்தமா இருக்கு.”

“அது நீங்க தட்டினதுதானே? முன்ரூம்ல வந்திருக்கான்னு பாத்துட்டு வரட்டுமா?”

“அங்க போனாத்தான் இங்க தெரியும். உனக்குப் புரியாது, விடு.”

இந்த ‘உனக்குப் புரியாது, விடு’வைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. அடுப்பு எரியாவிட்டாலும் இதுதான், வண்டி கிளம்பாவிட்டாலும் இதுதான்.

டிசைன் ஃபைல்களை அனுப்ப ஆரம்பித்தார். திரை முழுக்கக் கிறுக்கலாக ஓடியது. “போகுது, போகுது” என்று முகமெல்லாம் பல்.

“சார், எடுத்துக்கலாமா?” வாசலிலிருந்து குரல்.

“இதோ, அழிச்சுட்டுத் தந்துடறேன்!”

திட்டினால் திட்டட்டும் என்று முன்னறைக்கு ஓடினேன். போகிற வேகத்தில் கூடத்தில் கிடந்த கேபிள் காலை வாரிவிட்டது. முன்னறைப் பக்கத்து முனை பிடுங்கிக்கொண்டு வந்து என்மேலேயே விழுந்தது. போச்சு, என்னால்தான் எல்லாம் கெட்டது என்று பதறி, முனையைக் கையில் பிடித்தபடி திரும்பி ஓடினேன்.

“போகுது, போகுது” என்று இவர் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார். திரையில் கிறுக்கல் நிற்காமல் ஓடியது.

கேபிள் முனையை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

“எங்கங்க போகுது?”

முனையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அழிக்கும் கட்டளையைத் திரையிலேயே பக்கத்து விண்டோவில் தயாராகத் தட்டிவைத்திருந்தார். என்டர் ஒன்றுதான் பாக்கி. அந்த நிமிஷம் அவரைக் கடித்துக் குதறியிருப்பேன்.

“நாம அனுப்பறத நமக்கே காட்டற செட்டிங் ஒண்ணு இருக்கு. அது ஆன்ல இருந்திருக்கு” என்றார், தரையைப் பார்த்து.

அதை அணைத்தார். கேபிளை மறுபடி மாட்டிவிட்டு ‘ஹலோ’ தட்டினார். இங்கேயும் வரவில்லை, முன்னறைக்குப் போய்ப் பார்த்தால் அங்கேயும் வரவில்லை.

“கேபிளும் தப்பு. ரெண்டும் ஒரே கம்பியில பேசுது, ஒரே கம்பியில கேக்குது. கம்பிய மாத்தி விடணும்.”

“அடேயப்பா! பேசறவங்களுக்கு எதிர்ல கேக்கறவங்க இருக்கணும்னு இன்னிக்காவது தெரிஞ்சுதே!”

மேஜைக்கடியில் கிடந்த அட்டைப்பெட்டியைக் குடைந்து, கம்பிகளை மாற்றிக் கொடுக்கும் சின்ன இணைப்பு ஒன்றை எடுத்து நடுவில் சொருகினார். கவர்கூடப் பிரிக்கவில்லை. வாங்கிய நாளிலிருந்து அங்கேயேதான் கிடந்திருக்கிறது.

நான் முன்னறையில் உட்கார்ந்தேன். கறுப்புத் திரையில் ‘ஹலோ’ வந்தது. பிறகு முதல் ஃபைல். திறந்தேன். என் கொடி, நான் வேண்டுமென்றே கோணலாக விட்ட ஓர் இலையோடு. கண் கலங்கிவிட்டது, சொன்னால் என்ன?

பின்னறையிலிருந்து குரல் வந்தது. கல்யாணமானதிலிருந்து கேட்டிராத குரல்.

“வந்துச்சா?”

அந்தக் கேள்வியை ரசித்தேன்.

“ஒண்ணு வந்துச்சு” என்றேன். “சாமான்காரரை நாளைக்கு வரச் சொல்லுங்க. மிச்சம் எத்தனை இருக்கோ, ஒவ்வொண்ணுக்கும் என்கிட்ட கேளுங்க.”