ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே

இன்றைக்கும் ஐந்து மணி வராவிட்டால் நான் என்ன செய்வேன் என்று வசுமதி நினைத்தாள். பக்கத்தில் கணவன் தாமோதரன் உறங்கிக்கொண்டிருந்தான்.

சுவர்க்கடிகாரம் நாலு ஐம்பத்தொன்பது காட்டியது. அடுத்து ஆறு அடித்தது. பால் பாக்கெட் வாசலில் வந்து விழுந்தது. குக்கரை ஏற்ற நேரமாகிவிட்டது.

பதினோரு நாளாக இப்படித்தான்.

வீட்டுக் கணினியில் அதை இயக்கும் சிஸ்டம் இரண்டு இருந்தன. பொத்தானை அழுத்தியதும் திரையில் இரண்டு பெயர்கள் வரும். பத்திலிருந்து கீழே எண்ணத் தொடங்கும். எதையும் தொடாமல் விட்டால் முதலாவது தானாகத் திறந்துகொள்ளும். அது வீட்டுக்கு. மகளின் பாடம், தாமோதரனின் ஆபீஸ், ரயில் டிக்கெட் எல்லாம் அதில்தான். இரண்டாவதை வசுமதி மட்டும் திறப்பாள், காலை ஐந்திலிருந்து ஆறு வரை. அதில் எழுதுவாள். ஒன்பது வருடமாக எழுதுகிறாள். என்ன எழுதுகிறாள் என்று யாரும் கேட்டதில்லை.

பதினோரு நாளுக்கு முன் அந்த இரண்டாவது பெயர் திரையில் வரவில்லை. அது போன கையோடு அந்த ஒரு மணி நேரமும் போய்விட்டது.

"உனக்கு மட்டுமா போச்சு? எனக்கும்தான் ஒரு மணி நேரத் தூக்கம் கொறையுது," என்றான் தாமோதரன், பல் துலக்கியபடி.

எழுதியதெல்லாம் அவளுக்குக் கடைசிப் பக்கத்திலிருந்து மறந்துகொண்டு வந்தது. நேற்று இரண்டாம் பக்கம் போனது. இன்று முதல் பக்கம் மட்டும் மிச்சம். வசுமதி கணினிப் பெட்டியைத் துண்டில் சுற்றி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனாள்.

அங்கே வராந்தா நடக்க நடக்க நீண்டது. அதை அவள் பொருட்படுத்தவில்லை. மதியத்துக்குள் கவுன்டரை அடைந்துவிட்டாள்.

மெக்கானிக் கந்தவேல் பெட்டியில் காதை வைத்துக் கேட்டார்.

"ரெண்டாவதைக் காணலைங்களே."

"அதுக்குத்தாங்க கொண்டாந்தேன்."

"இருந்துச்சுங்கிறதுக்கு யாருங்க சாட்சி?"

"நான்தான்."

"நீங்க அதுக்குள்ள இருந்தவங்க. வெளியாளு வேணும்." ஒரு படிவத்தை நீட்டினார். "காலைல அஞ்சு மணிக்கு உங்களைப் பாத்தவங்க யாராச்சும் இதுல கையெழுத்துப் போடட்டும்."

வசுமதி தாமோதரனுக்குப் போன் செய்தாள். போனை வைப்பதற்குள் அவன் பக்கத்தில் நின்றான். மகள் யாழினியும் சீருடையோடு நின்றாள். தாமோதரன் படிவத்தை இரண்டு தடவை படித்தான். அவன் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவன் அல்ல.

"நான் அப்பத் தூங்கிட்டிருப்பேன் வசு. பாக்காததைப் பாத்தேன்னு எப்படிப் போடறது?"

"டைப் அடிக்கிற சத்தம் கேட்டிருக்குமில்லீங்க?"

"மழைன்னு நெனச்சேன்."

"ஒம்பது வருசமாவா?"

"நல்ல மழைதான்."

"அம்மா, நீ ஆறு மணிக்குத்தான எந்திரிப்பே?" என்றாள் யாழினி.

கந்தவேல் இரக்கப்பட்டார். மேசை இழுப்பறையிலிருந்து வேறொரு படிவத்தை எடுத்தார்.

"இதுக்குச் சாட்சியே வேண்டாங்க. ரெண்டாவது எப்பவுமே இருந்ததில்லைன்னு நீங்களே எழுதிக் குடுத்துருங்க. மொதலாவது வெண்ணெயாட்டம் ஓடும்."

வரிசையில் பின்னால் நின்ற அம்மாள் தன் பேனாவை நீட்டினாள். "போடுங்க. நான் போன வாரம் போட்டேன். ஒண்ணும் தெரியலை."

"உங்க பேருங்க?" என்று வசுமதி கேட்டாள்.

அம்மாள் தன் கணவரின் பெயரைச் சொன்னாள். பிறகு கொஞ்ச நேரம் யோசித்தாள். வேறு பெயர் எதுவும் வரவில்லை. சிரித்தாள்.

வசுமதி பேனாவை வாங்கிக்கொண்டாள். முதல் பக்கத்தை நினைத்துப் பார்த்தாள். அதில் ஒரு வரிதான் மிச்சமிருந்தது.

"ஒரு தடவை பெட்டியைப் போட்டுக் காட்டுங்க," என்றாள்.

கந்தவேல் பொத்தானை அழுத்தினார். முதல் பெயர் வந்தது. அதன் கீழே வெற்று வரி. திரை எண்ணத் தொடங்கியது. பத்து. ஒன்பது. தாமோதரன் வாட்சைப் பார்த்தான். ஏழு. யாழினி தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். ஐந்து. நான்கு.

வசுமதி கீபோர்டில் கீழ்நோக்கிய அம்புக்குறியின் மேல் விரலை வைத்து அழுத்தினாள். எண்ணிக்கை மூன்றில் நின்றது. வெளிச்சப் பட்டை ஒரு படி இறங்கி வெற்று வரியின் மேல் உட்கார்ந்தது.

"கையை எடுங்கம்மா. பின்னால ஆளுங்க நிக்கிறாங்க."

"போட்டுக் குடு வசு. வீட்டுக்குப் போலாம்."

மதிய நேரத்திலும் சுவரில் இருந்த கடிகாரம் நாலு ஐம்பத்தொன்பது காட்டியது.

வசுமதி மறு கையால் பேனாவுக்கு மூடி போட்டு, படிவத்தின் மேல் வைத்தாள்.

"நான் போடலைங்க," என்றாள், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும்படி.

விரலையும் எடுக்கவில்லை. மூன்று மூன்றாகவே இருந்தது.